கடைக்கு ஒரு கல்வி: தர நிர்வாகமும் சரக்கு நிர்வாகமும்

 

மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் சற்று உட்காரும் நம் வியாபாரப் பெரியவர்களின் பேச்சில் ஒரு கவலை அடிக்கடி தலைகாட்டுகிறது. "மகனைப் படிக்க வைத்தேன். படித்து முடித்தவன் கடைப் பக்கமே வரமாட்டேன் என்கிறான்" என்கிறார் ஒருவர். "நான் படிக்க வைக்காமல் பெட்டியடியில் உட்கார வைத்தேன். இப்போது ஒரு பாரம் நிரப்பவும், ஒரு பத்திரம் படிக்கவும் பிறரிடம் போய் நிற்கிறோம்" என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மைதான். படித்தவன் கடையை விட்டுப் போகிறான். படிக்காதவனை விட்டுக் கடை போகிறது. இந்த இரண்டு கஷ்டங்களுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகக் கல்வி என்றால் டாக்டர், எஞ்சினியர், வக்கீல், கணக்காய்வாளர் ஆகிய நான்குதான் நம்மில் அநேகருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் வியாபாரியின் அன்றாட வேலையையே பாடமாக்கி வைத்திருக்கும் இரண்டு துறைகள் இந்நாளில் உள்ளன. ஒன்று தர நிர்வாகம். மற்றொன்று லாஜிஸ்டிக்ஸ் எனப்படும் சரக்கு நிர்வாகம். இவ்விரண்டிலும் என்ன சொல்லித் தருகிறார்கள், அது நமது கடைக்கு எவ்விதம் பயன்படும், எங்கே படிக்கலாம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் முன்னோர் செய்த தொழிலே

இவை நமக்குப் புதியவை அல்ல. 1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிய காலந்தொட்டே நம் சூலியா மக்கள் இங்கே வியாபாரம் செய்தார்கள், படகும் ஓட்டினார்கள். கப்பித்தான் கிளிங் காதர் முகைதீன் அவர்கள் காலத்தில், 1801-ல் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. மார்க்கெட் தெருவை நம்மவர் கடைத்தெரு என்றே அழைத்தனர். கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மூட்டைகளைக் கரைக்குக் கொண்டு வந்த சரக்குப் படகுகளிலும், கரையில் அவற்றைச் சுமந்து கிட்டங்கியில் அடுக்கும் வேலையிலும் நம் பாட்டன்மார் இருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த ரஜுலா கப்பலை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மிளகாயைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே, எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடக் கூடியவர்கள் அந்த முதலாளிமார். அது தரப் பரிசோதனை. எந்தக் கப்பல் எந்த வாரம் வரும், எவ்வளவு சரக்கு கையிருப்பில் இருக்க வேண்டும் என்று மனக்கணக்காகவே வைத்திருந்தார்கள். அது சரக்கு நிர்வாகம். குறை ஒன்றுதான்: அந்த அறிவை அவர்கள் எழுதி வைக்கவில்லை. கைப்பழக்கம் கையோடு போய்விட்டது. அவர்கள் கண் மூடியபோது, கடையின் பாதிச் சொத்து அவர்களோடு கபுருக்குப் போயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கிடையில் உலகமும் மாறிற்று. 1956 ஏப்ரல் 26-ந் தேதி, அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்னும் லாரி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். கொள்கலன் யுகம் அன்று தொடங்கியது. அதே 1956-ல்தான் பினாங்குத் துறைமுக ஆணையமும் வேலையைத் தொடங்கியது. அந்த இரும்புப் பெட்டி ஒருநாள் நம் படகுக்காரரின் பிழைப்பை எடுத்துக் கொள்ளும் என்று அன்று யார் கண்டார்? சரக்கு வேலை மெல்ல மெல்ல பட்டர்வொர்த் கரைக்குப் போய்விட்டது. 1904-ல் கட்டப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமேடை இன்று உல்லாசக் கப்பல் பயணிகளை இறக்குகிறது. 1969-ல் பினாங்கு சுங்கமில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடும் நீங்கியது. ஒவ்வொரு மாற்றத்திலும் நம் கடைகள் சில மூடின. மூடியவர்கள் நேர்மையற்றவர்களோ சோம்பேறிகளோ அல்லர். வரப்போவதை முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவே.

முதற்பாடம்: தரம்

தரம் என்பது நமக்கு மார்க்கக் கடமையுமாகும். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்க ஒரு முழு அத்தியாயமே குர்ஆனில் இறங்கியிருக்கிறது. அது ஸூரா முதஃப்பிபீன். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கடிந்து கொண்ட செய்தி நாமெல்லாம் அறிந்ததே. பின்னாளில் முஸ்லிம் நாடுகளில் நிறுவையையும் சரக்கையும் மேற்பார்வையிட முஹ்தஸிப் என்னும் அதிகாரி நியமிக்கப்பட்டார்.

இந்நாளில் இதை ஒரு சாஸ்திரமாக்கியவர்கள் யார்? 1924-ல் அமெரிக்க டெலிபோன் கம்பெனியைச் சேர்ந்த வால்ட்டர் ஷூவார்ட் என்பவர் ஓர் எளிய வரைபடத்தை வகுத்தார். எந்த வேலையிலும் சிறு ஏற்றத் தாழ்வு இயற்கை. அது எல்லை மீறும்போது மட்டும் காரணம் தேடு என்பதே அதன் சாரம். அவர் வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள எஞ்சினியர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாடம் சொன்னார். யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த நாடு அது. "ஜப்பான் சாமான்" என்றால் உலகம் சிரித்த காலம். அடுத்த ஆண்டே, 1951-ல், அவர் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தி ஜப்பானியர் அந்தப் பாடத்தைப் பற்றிக் கொண்டார்கள். பின்னர் ஜப்பான் சாமானுக்கு வந்த மதிப்பை நாம் கண்ணால் கண்டோம்.

டெமிங் வற்புறுத்திய உண்மை ஒன்று உண்டு. நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை வேலையாளின் குற்றமல்ல. வேலை நடக்கும் முறையின் குற்றம். இதை நம் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு ஒரு மாதத்தில் 50 புகார்கள் வந்தன என்று வைத்துக் கொள்வோம். வகைப்படுத்தி எழுதினால், சரக்கு தாமதமாக வந்தது 31, மூட்டை கிழிந்தது 9, சரக்கு மாறி வந்தது 6, எடை குறைந்தது 4 என்று வருகிறது. நூற்றுக்கு 62 புகார் தாமதத்தைப் பற்றியவை. முதலாளி உடனே லாரி ஓட்டுநரைக் கூப்பிட்டு ஏசுவார். பாடம் படித்தவன் ஏசமாட்டான். ஏன் என்று கேட்பான். லாரி ஏன் தாமதம்? பதினொரு மணிக்குத்தான் கடையை விட்டுப் புறப்படுகிறது. ஏன்? பில் தயாராகவில்லை. ஏன்? கணக்குப்பிள்ளை காலை பத்து மணிக்கு மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறார். ஏன்? முதல் நாள் இரவு வந்த ஆர்டர்கள் காலையில்தான் அவர் கைக்குக் கிடைக்கின்றன. ஆகவே முதல் நாள் மாலையே பில்லை எழுதி வைத்தால் லாரி எட்டு மணிக்குப் புறப்படும். இதற்குக் காசு செலவில்லை. குற்றமற்ற ஓட்டுநர் ஏச்சு வாங்கி வேலையை விட்டுப் போவதும் இல்லை. ஒரு தாள், ஒரு பென்சில், "ஏன்" என்ற ஒரு சொல்: தர நிர்வாகத்தின் அரிச்சுவடி இவ்வளவே.

ஐ.எஸ்.ஓ. 9001 என்ற சான்றிதழைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1987-ல் முதன்முதல் வெளிவந்த அந்தத் தரநெறியைச் சுவரில் மாட்டி வைத்தால் சரக்கு உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. சொன்னதை எழுதி, எழுதியதைச் செய்து, செய்ததற்கு ஆதாரம் வைத்து, தவறினால் திருத்தும் முறை அந்த ஸ்தாபனத்தில் இருக்கிறது என்பதற்கே அது சாட்சி. சரக்கை நல்லதாக்குவது வியாபாரியின் மனச்சாட்சிதான்.

இரண்டாம் பாடம்: சரக்கு நிர்வாகம்

வேண்டிய சரக்கை, வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில், கெடாமல், குறைந்த செலவில் வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதே சரக்கு நிர்வாகம். கொள்முதல், கப்பல், சுங்கம், கிட்டங்கி, இருப்பு, லாரி யாவும் இதில் அடங்கும். மூன்று சிறு கணக்குகளால் இதை விளக்குவோம்.

முதற்கணக்கு, அடக்க விலை. ஒருவர் 100 மூட்டை மிளகாயை மூட்டை 200 வெள்ளி வீதம் 20,000 வெள்ளிக்கு வாங்குகிறார். கப்பல் கூலி, காப்பீடு, துறைமுகச் செலவு, லாரி எல்லாம் சேர்ந்து 3,000 வெள்ளி. மூட்டை 230 வெள்ளி அடக்கம் என்று கருதி, 240 வெள்ளிக்கு விற்று, 1,000 வெள்ளி லாபம் என்று மகிழ்கிறார். ஆனால் 4 மூட்டை ஈரம் பட்டுக் கெட்டுவிட்டது. விற்க மிஞ்சியவை 96. அவற்றின் விற்பனை 23,040 வெள்ளி, செலவோ 23,000. உண்மை லாபம் 40 வெள்ளி! கடை வாடகையும் ஆள் சம்பளமும் இன்னும் கழிக்கவில்லை. "வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, பணத்தைத்தான் காணோம்" என்று நம்மில் சிலர் சொல்வதன் ரகசியம் இதுதான். கெட்ட மூட்டையை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கில் எழுதாமல் விடுகிறோம்.

இரண்டாம் கணக்கு, எப்போது ஆர்டர் கொடுப்பது. ஒரு நாளைக்கு 6 மூட்டை விற்கிறது. ஆர்டர் கொடுத்தால் சரக்கு வந்து சேர 30 நாள். ஆகவே வழியில் இருக்கும் காலத்துக்கு 180 மூட்டை வேண்டும். கப்பல் சில சமயம் 10 நாள் பிந்துகிறது. அதற்கு 60 மூட்டை. ஆக, கிட்டங்கியில் இருப்பு 240 மூட்டைக்கு இறங்கிய அன்றே ஆர்டர் போக வேண்டும். "தீரப் போகிறது" என்று பையன் வந்து சொல்லும்போது கொடுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். பயந்து 600 மூட்டை வாங்கி அடுக்கினாலோ, பணம் முடங்கி, பூச்சி விழும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வேண்டும் என்பதும் இங்கே கட்டாயம். மூட்டையின் மேல் வந்த தேதியை எழுதி ஒட்டாத கிட்டங்கியில் இதைச் செய்ய முடியாது.

மூன்றாவது, ஒப்பந்தச் சொற்கள். சர்வதேச வர்த்தகச் சபை 1936-ல் வெளியிட்ட வர்த்தக நிபந்தனைச் சொற்கள் காலந்தோறும் திருத்தப்பட்டு, 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை வந்துள்ளன. அவற்றுள் சி.ஐ.எஃப். என்பதை நம்மில் பலர் தவறாக விளங்கிக் கொண்டிருக்கிறோம். கப்பல் கூலியையும் காப்பீட்டையும் விற்பவர் கட்டுவதால், பினாங்கு வந்து சேரும் வரை பொறுப்பும் அவருடையதே என்று நினைக்கிறோம். உண்மை என்னவெனில், ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏறியவுடனேயே நஷ்டப் பொறுப்பு வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. விற்பவர் எடுக்கக் கடமைப்பட்டிருக்கும் காப்பீடும் மிகக் குறைந்த வகையே; மழை நீர், திருட்டு போன்றவை அதில் அடங்குவதில்லை. மேற்படி 4 மூட்டைக்கு யாரிடம் பணம் கேட்பது என்பது இந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இதை ஒரு பாடவேளையில் கற்றுவிடலாம். கடையிலோ நஷ்டப்பட்ட பிறகுதான் கற்கிறோம்.

சரக்கு ஓரிடத்தில் தடைப்பட்டால் என்ன செய்வது என்பதும் இப்பாடத்தில் உண்டு. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெங்காயத்தையும் தடுத்தது. அத்தடை 2024 மே மாதம்தான் நீங்கியது. ஒரே ஊரை, ஒரே ஏஜெண்டை நம்பியிருந்த கடை அப்போது தவிக்கும். வேறு நாட்டுச் சரக்கை முன்பே சிறிதளவு வாங்கிப் பழகியிருந்த கடை தாக்குப் பிடிக்கும். காலஞ்சென்ற முதலாளிகள் இதை "எல்லா முட்டையையும் ஒரே அடைகோழியின் கீழ் வைக்காதே" என்ற அளவில் அறிந்திருந்தார்கள். எத்தனை முட்டை, எத்தனை கோழி என்று கணக்கிட்டுச் சொல்வதே கல்வி.

ஹலால் சரக்கு

இந்தத் துறையில் நமக்கென்றே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஹலால் உணவுக்கான எம்.எஸ். 1500 என்னும் மலேசியத் தரநெறி 2000-ல் வெளியாகி, 2019 வரை திருத்தப்பட்டுள்ளது. உணவைத் தயாரிப்பதோடு ஹலால் முடிந்துவிடுவதில்லை. எந்த லாரியில் ஏறியது, எந்தக் கிட்டங்கியில் எதன் பக்கத்தில் இருந்தது, எந்தக் கடையில் எப்படி விற்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2010-ல் எம்.எஸ். 2400 என்ற தரநெறி போக்குவரத்து, கிட்டங்கி, சில்லறை விற்பனை என மூன்று பகுதிகளாக வந்தது. அதுவும் 2019-ல் திருத்தப்பட்டது. மார்க்க அறிவும் வியாபார அனுபவமும் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எது? கந்தரில் சோறு சுமந்து விற்ற நம்மவரின் நாசி கந்தார் இன்று நாடெங்கும் கிளை விட்டிருக்கிறது. பத்துக் கிளைக்கும் ஒரே சுவையில், ஒரே சுத்தத்தில் குழம்பு போய்ச் சேர வேண்டுமானால், அது தர நிர்வாகமும் சரக்கு நிர்வாகமும் அன்றி வேறென்ன?

எங்கே படிக்கலாம்?

கெடா மாநிலம் சிந்தோக்கில் 1984-ல் அமைந்த உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப நிர்வாகத்துக்கும் லாஜிஸ்டிக்ஸுக்கும் தனிப் பள்ளியே இருக்கிறது. நமது தீவிலேயே 1969-ல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் படிப்பு உண்டு. கடையை விட்டு நகர முடியாதவர்களுக்கு, முன்னர் நார்தாம் ரோடு எனப்பட்ட சுல்தான் அகமட் ஷா சாலையிலுள்ள வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலை பார்த்துக் கொண்டே படிப்பவர்களுக்காக ஏற்பட்டது அது. லாஜிஸ்டிக்ஸ் படிப்பையும் அது நடத்தி வந்திருக்கிறது. சேருமுன் அந்தந்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் கட்டணத்தையும் நேரில் விசாரித்துக் கொள்வது நலம்.

"பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான்" என்று மனம் தளர வேண்டாம். முன் அனுபவத்தைக் கல்வித் தகுதியாக ஏற்கும் அபெல் என்ற திட்டம் மலேசியத் தகுதி ஆணையத்தின் கீழ் நடைபெறுகிறது. 21 வயதுக்கு மேற்பட்டு, தொழில் அனுபவம் உடையவர், அதற்குரிய மதிப்பீட்டில் தேறினால் இளங்கலைப் படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். கிட்டங்கியில் பத்து வருடம் மூட்டை எண்ணிய அனுபவம் வீண் போகாது. இப்படிப்பு ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதென்றும் எண்ண வேண்டாம். கணக்கிலும் ஒழுங்கிலும் நம் பெண்மக்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர்.

தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை

"பட்டம் வாங்கியவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்விடுவானே?" என்று கேட்பீர்கள். போகலாம், அதை மறுப்பதற்கில்லை. 1972 முதல் அங்கே எழுந்த தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாரம் முழுதும் அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணும் தேதியும் போட்டு வேலை செய்கிறவன், ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் கடைக்கு வந்தால் தேதியில்லாத மூட்டைகளைப் பார்க்கிறான். "அத்தா, இதில் தேதி எழுதி வைப்போமா?" என்று மெதுவாகக் கேட்கிறான். "நாற்பது வருஷமாக நான் தேதி எழுதியா வியாபாரம் பண்ணினேன்? நீ போய் உன் வேலையைப் பார் தம்பி" என்று பதில் வருகிறது. அவனும் போய்த் தன் வேலையைப் பார்க்கிறான். அவனைக் கடையிலிருந்து அனுப்பியது படிப்பா, அந்தப் பதிலா என்று நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்வோம்.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இது. படித்து வந்த பிள்ளையிடம் முழுக் கடையையும் ஒப்படைக்க வேண்டாம். கிட்டங்கியை மட்டும் ஒரு வருடத்துக்கு ஒப்படையுங்கள். கெட்ட சரக்கு எவ்வளவு, முடங்கிய பணம் எவ்வளவு, தாமதம் எவ்வளவு என்று தொடங்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வருட முடிவில் அதே தாளை எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் அடுத்த பொறுப்பைக் கொடுங்கள். குறையாவிட்டால் இருவரும் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள். அந்த வருடத்தில் பிள்ளையும் ஒரு காரியம் செய்ய வேண்டும். தகப்பனாரின் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்து, அவர் மிளகாயை முகர்ந்து என்ன கண்டுபிடிக்கிறார், எந்த ஏஜெண்டை ஏன் நம்புகிறார் என்று எழுதிக் கொள்ள வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காத பாடம் அது. பாட்டனார்களோடு நாம் இழந்ததை இம்முறை இழக்காமல் காப்பது இந்த நோட்டுப் புத்தகம்தான்.

சங்கமும் தன் பங்கைச் செய்யலாம். 1951-ல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது ஜமால் முகம்மது சாகிபு, காஜாமியான் ராவுத்தர் ஆகிய வணிகப் பெருமக்களின் கொடையால் என்பதை நாம் மறப்பதற்கில்லை. நாம் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு மாணவர், ஒரு மாணவிக்குக் கட்டணம் கொடுத்தால் போதும். பயிற்சிக் காலத்தை எங்கே கழிப்பது என்று தேடும் மாணவர்களுக்கு நம் கடைகளின் கதவைத் திறந்து விட்டாலும் போதும்.

சகோதரர்களே! வியாபாரம் அமானத்து. வாடிக்கையாளர் நம்மை நம்பித் தருவது பணம். நம் முன்னோர் நம்பித் தந்தது கடை. அல்லாஹ் நம்பித் தந்தது பிள்ளைகள். இம்மூன்றில் ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை. இந்த வாரமே ஒரு பென்சிலை எடுத்து, கிட்டங்கியில் இருக்கும் முதல் மூட்டையின் மேல் தேதி எழுதுங்கள். எழுதும்போது மகனையும் மகளையும் பக்கத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள்.

வல்ல நாயன் நம் அளவையும் நிறுவையையும் நேராக்கி, நம் பிள்ளைகளின் கல்வியிலும் தொழிலிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.